ஆகாய கங்கைக்குத் தேதி குறியுங்கள், எடையை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): நான் திருவரங்கத்தில் இருக்கிறேன். வயது 43. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி) 6.1 என்று வந்தது. "பார்டர்ல இருக்கு, மாத்திரை வேண்டாம், நடங்க" என்றார் டாக்டர். இந்த ஜனவரியில் டைரியின் முதல் பக்கத்தில் 15 கிலோ குறைப்பது, தினமும் 10,000 அடி, காலை 5 மணி வாக்கிங் என்றெல்லாம் எழுதி வைத்தேன். பிப்ரவரியைத் தாண்டவில்லை. ஜிம்முக்குக் கட்டிய பணமும் போயிற்று. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், "நாம எங்கேயுமே போறதில்லையேம்மா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்கு ஒதுக்கினால் வீட்டில் முகம் வாடுகிறது. வெளியே கிளம்பினால் அன்றைய வாக்கிங் போய், கண்டதையும் சாப்பிட்டு, மறுநாள் முழுக்கக் குற்ற உணர்ச்சி. கல்லூரித் தோழிகள் அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு கொல்லிமலை போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படி இறங்க வேண்டும் என்றதும், "நான் மேலே கோயிலிலேயே உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். மாடி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. வீட்டில் 76 வயது மாமியார் வேறு. நான் எந்த இலக்கை வைத்துக்கொள்வது? நேரத்தை எங்கிருந்து எடுப்பது? எந்த ஷூ வாங்குவது?

பதில்: டீச்சர், முதலில் தோழிக்குப் போன் போட்டு, "நானும் இறங்குறேன், தேதியை மட்டும் சொல்லு" என்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் தேடும் இலக்கு அந்தத் தேதிதான். டைரியின் முதல் பக்கத்தில் எழுதிய மூன்றையும் அடித்துவிடலாம்.

ஏன் என்று சொல்கிறேன். 15 கிலோ குறைப்பது ஒரு விளைவு. நாளைக் காலையில் எழுந்து நீங்கள் செய்யக்கூடிய வேலை அதில் எதுவும் இல்லை. தராசும் நியாயமான வாத்தியார் கிடையாது. ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும். அதில் பெரும்பகுதி உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். இரண்டு வாரம் ஒழுங்காக நடந்துவிட்டு ஏறி நிற்கும் நாளில் அந்த முள் மேலே போயிருந்தால், ஷூவைக் கழற்றி வைத்துவிடுவோம். என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பயிற்சியை விட்டது இப்படித்தான், சோம்பலால் இல்லை.

உங்களுக்கு உண்மையான கவலை சர்க்கரைதான் என்றால், நம் ஊரிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மூன்றாண்டு காலம் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சாப்பாட்டையும் சீர்படுத்திக்கொண்ட பிரிவினருக்கு, சும்மா விடப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முள் நகரவில்லை, நோய் தள்ளிப்போனது. எடை குறைந்தால் நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? உங்கள் எடையில் ஐந்து சதவீதம், அதாவது மூன்றே முக்கால் கிலோ குறைந்தாலே உடம்பு அதற்கான பலனைக் காட்டும். படி ஏறி இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். மேலே நான்கு கிலோ குறைந்தால் ஒவ்வொரு படியிலும் மூட்டுக்குப் பன்னிரண்டு கிலோ குறைகிறது. ஆனால் அது தானாக வரட்டும். மாதம் ஒரு முறை தராசில் ஏறினால் போதும். வேண்டுமானால் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

10,000 அடியையும் விடுங்கள். 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் மூலம் பரவிய எண் அது. டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. நீங்கள் 6,000 நடந்துவிட்டு, "இன்னிக்கும் முடியலை" என்று வருத்தப்பட்ட நாட்களெல்லாம் நல்ல நாட்கள்தான்.

சரி, கொல்லிமலைக்கு வருவோம். அறப்பளீஸ்வரர் கோயில் மேலே இருக்கிறது, அருவி கீழே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை முதலில் இறங்க வேண்டும், குளித்துவிட்டு ஏற வேண்டும். மற்ற மலைகளில் மூச்சு வாங்கினால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே அது முடியாது. இறங்கிய ஒவ்வொரு படியும் திரும்ப ஏற வேண்டிய கடன். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உங்கள் முழு எடையையும் பிடித்து நிறுத்துகிறது. பழக்கமில்லாத தசை அதில்தான் அதிகமாக அடிபடும். கீழே போய்ச் சேரும்போது கால் நடுங்குவதும், இரண்டாம் நாள் கட்டிலிலிருந்து எழ முடியாமல் போவதும் அதனால்தான். ஆக, நீங்கள் வளர்க்க வேண்டியவை மூன்று: தொடை பலம், ஏறுவதற்கான மூச்சு, இறங்குவதில் பழக்கம். இவை மூன்றும் வந்தால் உங்கள் முழங்கால் வலியும் பெரும்பாலும் குறையும். உங்கள் வயதில் மாடி ஏறும்போது மட்டும் வரும் வலிக்கு, தொடைத் தசையும் இடுப்புத் தசையும் பலவீனமாக இருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மூட்டு தேய்ந்துவிட்டது என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது நேரம். உங்கள் ஒரு நாளை விவரமாகவே எழுதியிருக்கிறீர்கள். காலை 5 மணிக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டி 7.50-க்குக் கிளம்புகிற ஒருவர், அதற்கும் முன்னால் வாக்கிங் போக 4 மணிக்கு எழ வேண்டும் என்பது வீம்பு. தூக்கத்தை வெட்டி எடுத்த உடற்பயிற்சி இரண்டு மாதம் தாங்காது. எனக்கு வேறோர் இடம் கண்ணில் பட்டது. வாரத்தில் நான்கு நாள் மாலை, மகளை உத்திர வீதியில் டியூஷனில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து போன் பார்த்துக் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் ஏற்கெனவே வீட்டிலிருந்து வாங்கியாயிற்று. யாரிடமும் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டுக் கோயிலைச் சுற்றியே நடங்கள். பக்கத்து ஸ்கூட்டர்களில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அம்மாக்களும் மூன்றாவது வாரம் சேர்ந்துகொள்வார்கள், பாருங்கள்.

வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான். நான்கு நாள், நாளுக்கு 35 நிமிடம் என்றால் 140 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. மீதிப் பத்து நிமிடத்தைப் பள்ளியிலேயே முடித்துவிடலாம்: மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் உட்காராமல் வராந்தாவில் இரண்டு நடை. சாப்பிட்டவுடன் நடந்தால் சர்க்கரை குபீரென்று ஏறாமல் இருக்கும். நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறேனே என்று சொல்லாதீர்கள். நிற்பது வேறு, நடப்பது வேறு. நின்றதால் காலுக்குக் களைப்புதான் மிச்சம்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டாம், ஒரு நாற்காலியும் வாசற்படியும் போதும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலே கால் பலம் போதாது என்று எடுத்துக்கொள்வோம், உங்களுக்கு 43. இன்று வரும் எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள், மாதம் ஒரு முறை திரும்பப் பாருங்கள். தராசுக்குப் பதில் இதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம்.

பயிற்சியும் அதேதான். உட்கார்ந்து எழுவது பத்து, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். ஆகாய கங்கைக்குத் தேவையான பகுதி அந்த மெதுவான இறக்கம்தான். அடுத்தது வாசற்படியில் பக்கவாட்டில் நின்று, ஒரு காலைப் படியிலேயே வைத்துக்கொண்டு மற்றக் காலின் குதிகாலை மெல்லத் தரையில் தொட்டு எடுப்பது. முழங்கால் உள்பக்கம் சாயாமல், இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். கடைசியாகக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகும். வாரத்தில் இரண்டு நாள், டியூஷன் இல்லாத நாட்களில் செய்யுங்கள். செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி வந்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள். அரையாண்டு விடுமுறைக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். நான் ஒன்பது என்றுதான் போடுவேன். தீபாவளி வாரம் எதுவும் நடக்காது. அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்று ஒரு வாரம் போகும். ஒரு வாரம் யாருக்காவது காய்ச்சல் வரும். அந்த மூன்று வாரத்தையும் இப்போதே காலண்டரில் அடித்து வைத்துவிட்டால், வரும்போது தோற்றுப்போன மாதிரி இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை மாலையில்தான் பிடிக்கும். அன்றைக்கு டியூஷன் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறி இறங்குங்கள், இன்னும் நல்லது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் தொடங்கினால் உங்கள் வீதிகளில் நடக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் காவேரிக் கரைப் பக்கமோ, கூட்டம் இல்லாத வேறு தெருவோ பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அதை வாக்கிங்குக்கும் வெளியே போவதற்கும் இடையிலான பஞ்சாயத்தாக ஆக்கிவிட்டீர்கள். வார நாட்களில் 150 நிமிடம் முடிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்குக் கடன்பட்டதே இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு வெளியே போங்கள். அதில் ஒன்று கொல்லிமலைக்கு ஒத்திகை, மற்றது சும்மா ஜாலிக்கு.

ஒத்திகைக்கு மலைக்கோட்டையைவிட நல்ல இடம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? நானூறுக்கும் மேற்பட்ட படிகள், பெரும்பகுதி நிழல், நடுவில் தாயுமானவர் சந்நிதியில் உட்காரலாம். முதல் மாதம் தாயுமானவரோடு திரும்பிவிடுங்கள். உச்சிப் பிள்ளையார் எங்கும் போகமாட்டார். அடுத்த மாதம் உச்சி வரை. அதற்கடுத்த முறை உச்சிக்குப் போய், பாதி வரை இறங்கி, மறுபடி உச்சிக்கு ஏறிவிட்டு இறங்குங்கள். ஏறும் நேரத்தைக் குறிக்க வேண்டாம். எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்பதை மட்டும் குறியுங்கள். அங்கே செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும். வெயில் ஏறினால் உச்சியில் பாறை சுடும், அதனால் காலை நேரமே நல்லது. இறங்கியதும் சின்னக்கடைத் தெருவில் மகளுக்கு வளையலோ தோடோ வாங்கிக் கொடுத்தால், அவள் இதை உடற்பயிற்சி என்றே நினைக்க மாட்டாள்.

டிசம்பருக்கு முன் ஒரு முறை துறையூர் வழியாகப் புளியஞ்சோலை போய் வரலாம். ஆகாய கங்கையில் விழுகிற ஐயாறுதான் அடிவாரத்தில் அங்கே வந்து ஓடுகிறது. பாறையும் கூழாங்கல்லும் சமமில்லாத தரையுமாக இருக்கும். கணுக்கால் பழக நல்ல இடம். மழை வலுத்த வாரம் என்றால் தண்ணீரில் இறங்குவதை மறந்துவிடுங்கள்.

ஜாலி ஞாயிறு என்று சொன்னேனே, அதில் கறாராக இருங்கள். அன்றைக்கு அடிக்கணக்கு கூடாது, கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முக்கொம்பு அணைப் பூங்காவில் மரத்தடியில் பாயை விரித்து, புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டு, மீன் வறுவல் வாசம் வந்தால் அதையும் வாங்கிச் சாப்பிட்டு, படுத்துக் கிடந்துவிட்டு வாருங்கள். எல்லா ஊர்ப்பயணத்தையும் கலோரிக் கணக்காக்குகிற அம்மாவோடு எந்தப் பிள்ளையும் இரண்டாவது முறை கிளம்பாது. ஒரு நாள் சாப்பிட்ட பஜ்ஜியால் ஹெச்பிஏ1சி மாறிவிடாது. அது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண். கொல்லிமலை போய் வந்த பிறகு, ஜனவரியில் மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்த மூன்று மாத உழைப்பு அப்போது அதில் தெரியும்.

மாமியாரைப் பற்றி: முக்கொம்புக்கு அவரையும் அழைத்துப் போகலாம், வண்டி பூங்கா வரை போகும், உட்கார இடம் இருக்கிறது. மலைக்கோட்டை நாளில் மூன்று மணி நேரம் துணைக்கு யார் என்பதுதான் கேள்வி. நாத்தனார் தில்லைநகரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "அண்ணி, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அம்மாவைப் பார்த்துக்கறீங்களா" என்று நேராகக் கேட்டதுண்டா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. உங்கள் கணவரே அக்காவிடம் கேட்டால் இன்னும் சுலபம். மகளுக்குப் பத்தாம் வகுப்பாயிற்றே என்று தயங்குகிறீர்கள். மாதத்தில் இரண்டு அரை நாள் வெளிக்காற்று பட்டதால் மார்க் குறைந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. கழுத்து வலி, முதுகு வலி என்று மார்ச் மாதம் என்னிடம் வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன்.

இதையெல்லாம் தொடங்கும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தேவை என்றால் அவரே ஈசிஜி எடுக்கச் சொல்வார். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் என்று எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'வாயுவாக இருக்கும்' என்று சோடா குடித்துவிட்டு மேலே ஏறக் கூடாது. முழங்கால் வீங்கினால், நடுவில் பூட்டிக்கொண்டால், ராத்திரி தூக்கத்தில் வலித்து எழுப்பினால், எலும்பு மருத்துவரையோ பிசியோவையோ நேரில் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

கிளம்பும் நாளைப் பற்றிக் கொஞ்சம். காரவள்ளிப் பக்கமாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறாதீர்கள். பலத்த மழை பெய்திருந்தால் அருவிக்கு விடமாட்டார்கள், அப்படி மூடியிருந்தால் வாதாட வேண்டாம், அன்னாசிப் பழம் சாப்பிட்டுவிட்டு மலையைச் சுற்றிப் பார்த்து வரலாம். படிகள் திறந்திருந்தால் காலையிலேயே இறங்குங்கள். இறங்கும்போது பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேச்சு சுவாரசியத்தில் வேகம் எடுக்காமல் இறங்க வேண்டும். குளித்த பின் ஈரத்துணியோடு ஏறாமல், மாற்றிக்கொண்டு, வாழைப்பழம் ஏதாவது சாப்பிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஏறத் தொடங்குங்கள். ஐம்பது படிக்கு ஒரு தடவை நில்லுங்கள், மூச்சு வாங்காவிட்டாலும் நில்லுங்கள். முந்திக்கொண்டு போகும் தோழிகள் போகட்டும். இரண்டு நாளைக்குத் தொடை பிடித்துக்கொள்ளும், மூன்றாம் நாள் குறையும். சும்மா படுக்காமல் வீட்டுக்குள்ளேயே நடமாடினால் சீக்கிரம் சரியாகும்.

ஷூ கேட்டிருந்தீர்கள். விலை உயர்ந்தது வேண்டாம். அடிப்பகுதியில் நல்ல பிடிமானம், முன்னால் கட்டைவிரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடம். இறங்கும்போது பாதம் முன்னால் தள்ளும், இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், வழக்கமாகப் போடும் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இந்த வாரமே வாங்கி டியூஷன் நடையில் பழக்கிவிடுங்கள், புது ஷூவோடு கொல்லிமலைக்குப் போக வேண்டாம்.